செயற்கைக்கோள் படம் படிக்க ஆசைப்படும் பெண்ணின் அம்மாவுக்கு

அம்மா, சனிக்கிழமை கோத்தகிரியிலிருந்து பஸ் பிடித்து வந்து நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "மேப் படிக்கிற படிப்புக்கு வேலை இருக்கா? அதையும் ஏஐ செஞ்சிடும்னு சொல்றாங்களே?" வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அரைகுறையாகச் சொல்லி அனுப்பினேன். மிச்சத்தை எழுதுகிறேன்.

நீங்கள் உள்ளே வருவதற்கு முன் உங்கள் மகளுக்கு லேப்டாப்பில் ஒரு படம் காட்டினேன். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் எடுத்தது, காசில்லாமல் கிடைக்கும். அதில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். செழிப்பான இலை நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். அதை வைத்து ஒரு ஏஐ நிரல் காடு, தேயிலை, வெற்று நிலம் என்று நிறம் பிரித்திருந்தது. கட்டபெட்டு பக்கம் ஒரு சரிவை வெற்று நிலம் என்று போட்டிருந்தது. அரை நிமிடம் பார்த்தாள். "சார், அது கவாத்து வெட்டின தோட்டம்" என்றாள். தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிட்டதால் வெறுமையாகத் தெரிந்திருக்கிறது. மொத்தமாகக் காடு என்று பூசியிருந்த இடத்தில் இயற்கையான சோலைக்காடு எது, சீகை மரம் (வாட்டில்) எது, கற்பூர மரம் (யூகலிப்டஸ்) எது என்று விரல் வைத்துக் காட்டினாள்.

அந்த அரை நிமிடத்துக்குத்தான் அம்மா சம்பளம். இது தேயிலை, இது சோலை என்று யாராவது ஏராளமான இடங்களைக் குறித்துக் கொடுத்தால்தான் கணினி கற்றுக்கொள்ளும். எங்கோ சமவெளியில் கற்றுக்கொண்டு வந்தது நம் சரிவிலும் நிழலிலும் தடுமாறத்தான் செய்யும்.

இன்னொன்று. 2009 நவம்பர் மண்சரிவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட மழையில் சென்டினல்-2 படத்தில் வெள்ளைப் பஞ்சுதான் தெரியும். மேகத்தைத் தாண்டிப் பார்ப்பது ரேடார். இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து 2025 ஜூலை 30-ல் அனுப்பிய நிசார் அந்த வகைதான். ஆனால் செங்குத்தான மலையில் ரேடார் படம் கோணலாகிவிடும், உச்சி அடிவாரத்தின் மேல் சாய்ந்து விழுந்த மாதிரி. அதைப் படிக்கத் தனிப் பழக்கம் வேண்டும்.

உங்கள் பயத்தில் பாதி நியாயம்தான். கட்டடத்தையும் ரோட்டையும் சுற்றி நாள் முழுக்கக் கோடு வரைகிற வேலையை ஏஐ எடுத்துக்கொண்டு வருகிறது. அதை நம்பி மட்டும் அவளை அனுப்பாதீர்கள்.

கணக்கு அவளுக்கு நன்றாக வருகிறது. முதல் விருப்பமாகக் கிண்டி பொறியியல் கல்லூரியில் ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் (செயற்கைக்கோள் படத்தையும் வரைபடத்தையும் கணினியில் ஆராயும் படிப்பு) பி.இ. போடுங்கள். 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய இடம் அது. கட்-ஆஃப் எட்டவில்லையா, புவியியல் பி.எஸ்சி. போதும், ஆனால் கூடவே பைத்தான் என்ற நிரல் மொழியும் புள்ளியியலும் படித்தே ஆக வேண்டும். அப்புறம் மேற்படிப்புக்கு கேட் (GATE) நுழைவுத் தேர்வில் 2022 முதல் ஜியோமேட்டிக்ஸுக்கென்றே, அதாவது இந்தத் துறைக்கென்றே, தனித் தாள் இருக்கிறது. மூன்று மாத 'ஏஐ டிப்ளமா'வுக்கு லட்சக்கணக்கில் கேட்டால் கட்டாதீர்கள். இஸ்ரோவின் டேராடூன் நிறுவனமான ஐ.ஐ.ஆர்.எஸ். ஆன்லைனில் இலவசமாகவே வகுப்பு நடத்துகிறது.

அடுத்த முறை வரும்போது உங்கள் ஊர்ச் சரிவில் ஐம்பது இடங்களை போன் ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். எந்தத் தோட்டம் எந்த வருடம் கவாத்து வெட்டியது என்பதை நீங்கள்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும். அது எனக்கும் தெரியாது.