பெங்களூரில் நர்சிங் சீட்: கேள்வி பதில்

அல்சூரிலிருந்து: மேடம், பொண்ணு பி.யு.வில் (இங்கத்து பிளஸ் டூ) காமர்ஸ். பி.எஸ்சி. நர்சிங் கிடைக்குமா?

கிடைக்காதுங்க. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூணும் ஆங்கிலமும் படிச்சிருக்கணும். மூணு பாடத்திலும் சேர்த்து 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி.க்கு 40. சேர்ற வருஷம் டிசம்பர் 31-க்குள் 17 வயசு முடியணும். காமர்ஸ்னா ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ இருக்கு: 3 வருஷம், ஆங்கிலத்தோட பிளஸ் டூவில் 40 சதவீதம். பிறகு 2 வருஷ போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் படிச்சா அதுவும் பி.எஸ்சி.தான். ஆனா ஜி.என்.எம்.மோட மட்டும் நார்செட், அதாவது எய்ம்ஸ் மருத்துவமனைகளில் நர்ஸ் வேலைக்கான தேர்வு எழுத, 50 படுக்கை மருத்துவமனையில் 2 வருஷ அனுபவம் கேட்பாங்க. அதையும் கணக்கில் வைங்க.

ஓசூரிலிருந்து: நீட் எழுதணுமா அக்கா? கர்நாடக அரசு சீட் எனக்கு வருமா?

இங்கே சிஇடிங்கிற கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வுதான், கேஇஏங்கிற கர்நாடகத் தேர்வு ஆணையம் வழியா. பொதுவா 1-லிருந்து 12 வரைக்கும் கர்நாடகத்தில் 7 வருஷமாவது படிச்சு, பத்தாவதோ பன்னிரண்டாவதோ இங்கே பாஸாகியிருக்கணும். ஓசூரிலேயே படிச்சிருந்தா தமிழ்நாட்டுக் கவுன்சலிங்குக்கு முதல்ல விண்ணப்பம் போடு.

கே.ஆர்.புரத்திலிருந்து: நல்ல காலேஜ் பேரு ஒண்ணு சொல்லுங்க மேடம்.

பேரு சொல்ல மாட்டேன், பார்க்கிற விதம் சொல்றேன். கட்டடத்தை விடுங்க, மருத்துவமனையைப் பாருங்க. சொந்த மருத்துவமனைன்னா 100 படுக்கையாவது வேணும். ஒரு மாணவிக்கு 3 நோயாளி கணக்கு. காலை பத்து மணிக்கு வார்டில் நடந்து பாருங்க. படுக்கைவிரிப்பு கசங்காம கிடந்தா அங்கே நோயாளி வர்றதில்லை. பிரசவ அறை நடக்குதான்னு கேளுங்க. பிரசவக் கேஸ் பார்க்காம உங்க பொண்ணு பயிற்சிப் பதிவு நோட்டை எப்படி நிரப்புவா? சீனியர் பொண்ணுங்களைத் தனியா பிடிச்சு, மருத்துவமனைப் பயிற்சிக்கு (போஸ்டிங்) எங்கே அனுப்புறாங்க, பஸ் காசு யார் தர்றதுன்னு கேளுங்க.

சிவாஜிநகரிலிருந்து: இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இல்லாத காலேஜ் செல்லாதுங்கிறாங்களே?

2017-ல் கர்நாடக உயர் நீதிமன்றம், கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கிற அதிகாரம் அந்தக் கவுன்சிலுக்கு இல்லைன்னு தீர்ப்பு சொல்லுச்சு. குழப்பம் அங்கேதான் ஆரம்பம். நீங்க பார்க்க வேண்டியது ரெண்டு: கர்நாடக மாநில நர்சிங் கவுன்சில் அங்கீகாரம், ராஜீவ் காந்தி சுகாதாரப் பல்கலைக்கழக இணைப்பு. அதுவும் இந்த வருஷத்துக்கு, எத்தனை சீட்டுக்குன்னு.

அவரே மறுபடியும்: என் சித்தப்பா பொண்ணு இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரப் பட்டியல்ல இருந்த காலேஜ்லதான் படிச்சா, இப்ப வெளிநாட்டுல இருக்கா. நீங்க சொல்றது தப்பு.

எந்த வருஷம் சேர்ந்தாங்க, அதைச் சொல்லுங்க முதல்ல. தீர்ப்புக்கு முன்னாடி சேர்ந்தவங்க கதையை இப்ப சேர்றவங்களுக்குப் பொருத்தாதீங்க.

ஸ்ரீராமபுரத்திலிருந்து: அப்போ படிச்சிட்டுத் தமிழ்நாட்டுக்குப் போக முடியாதா?

போகலாம். கர்நாடகக் கவுன்சிலில் நர்ஸா பதிவு செஞ்சிட்டு, அந்தப் பதிவைத் தமிழ்நாட்டுக் கவுன்சிலுக்கு மாத்திக்கணும். ஊருக்குத் திரும்புற எண்ணம் இருந்தா, காசு கட்டும் முன்னாடியே இந்தக் கல்லூரி பேரைப் போட்டுத் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலுக்கு எழுதிக் கேளுங்க. பதிலைப் பத்திரப்படுத்துங்க. சிவாஜிநகர்க்காரரே, இதோட விடுங்க.

விவேக்நகரிலிருந்து: ஏஜென்ட் ஒரிஜினல் சர்டிஃபிகேட் கேட்கிறார்.

கொடுக்காதீங்க. கல்லூரியே கேட்டாலும் லெட்டர்ஹெட்டில், என்னென்ன வாங்கினோம்னு வரிசையா எழுதி, சீல் வைச்சு வாங்கிட்டுத்தான். நடுவில் நின்னா அந்த மார்க் ஷீட்டைத் திருப்பி வாங்கத்தான் அலைவீங்க.

இன்னொருவர்: ஏஜென்ட் மொத்தமா ஒரு 'பேக்கேஜ்' சொல்றார், நல்ல காலேஜா?

மருத்துவமனையைப் பாருங்க. மேலே எழுதியிருக்கு. பேக்கேஜ் என்றால் டியூஷன், ஹாஸ்டல், யூனிஃபார்ம், பரீட்சை ஃபீஸ் தனித்தனியா எழுதித் தரச் சொல்லுங்க, 4 வருஷத்துக்கும்.

மறுபடியும் ஒருவர்: நல்ல காலேஜ் எது?

மேலே.

பையனோட அப்பா: ஆம்பளப் பிள்ளை சேரலாமா?

தாராளமா. ராணுவ நர்சிங் கல்லூரிச் சேர்க்கை பெண்களுக்குத்தான். நார்செட்டிலும் 80 சதவீதம் பெண்களுக்கு, 20 ஆண்களுக்கு. அந்த 20-க்குள் வர மார்க் கூட வேணும். அதைப் பையன்கிட்ட இப்பவே சொல்லிடுங்க.