வாசகர் கேள்வி – பதில்: ஐப்பசி மழையில் உறவினர் வீடுகளுக்கு ஒரு பயணம்

கேள்வி: தீபாவளிக்கு அடுத்த வாரம் காரில் புறப்பட்டு, மயிலாடுதுறையில் அத்தை, கும்பகோணத்தில் கல்லூரித் தோழர், தஞ்சாவூரில் பெரியப்பா, பட்டுக்கோட்டையில் அக்கா, மன்னார்குடியில் இன்னொரு நண்பர் என்று ஐந்து வீடுகளுக்கு நான்கு நாட்களில் போய்வர எண்ணியிருக்கிறோம். கைப்பேசி வரைபடத்தின்படி ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம்தான் ஆகிறது. வழியில் உள்ள கோயில்களையும் பார்த்துவிட முடியுமா? (சென்னை வாசகர் ஒருவர்)

பதில்: ஐந்து வீடுகளுக்கு நான்கு நாட்கள் போதும், கோயில்களையும் சேர்த்தால் போதாது. வழியைப் பொறுத்தவரை, சிதம்பரத்தைத் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தைக் கடந்து சீர்காழி, வைத்தீஸ்வரன்கோயில் வழியாக மயிலாடுதுறைக்கு வந்துவிடுங்கள். அங்கிருந்து குத்தாலம், ஆடுதுறை, திருபுவனம் வழியாகக் கும்பகோணம்; பிறகு பாபநாசம் வழியாகத் தஞ்சாவூர்; ஒரத்தநாடு வழியாகப் பட்டுக்கோட்டை. திரும்பும்போது மதுக்கூர், மன்னார்குடி, திருவாரூர், பேரளம் என்று வந்தால் போன சாலையிலேயே மறுபடியும் வர வேண்டியிருக்காது.

வரைபடம் காட்டும் நேரத்தை நம்பி ஒரு வீட்டில் காலைச் சிற்றுண்டி, அடுத்த வீட்டில் மதியச் சாப்பாடு, மூன்றாவது வீட்டில் இரவுத் தங்கல் என்று நெருக்கமாகத் திட்டமிட வேண்டாம். நம் பகுதியில் தூரத்தைத் தீர்மானிப்பவை ஆறுகள். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு சுமார் 12 கிலோமீட்டர்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடக்கிறோம். பெரிய சாலையை விட்டுக் கிராமத்துக்குத் திரும்பிவிட்டால், ஒரு பக்கம் ஆறும் மறுபக்கம் பள்ளத்தில் வயலுமாக இருக்கும் கரைச் சாலையில், எதிரே அறுவடை இயந்திரமோ பேருந்தோ வந்தால் யாராவது ஒருவர் மதகு வரைக்கும் பின்னோக்கித்தான் போக வேண்டும். மழையில் ஊறிய களிமண் ஓரத்தில் சக்கரத்தை இறக்கியவர்களுக்கு அது எப்படி உள்வாங்கும் என்பது தெரியும். ஆகவே கிராம வழிகளை மாலை ஐந்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அடைமழை பிடித்துவிட்டால், எந்த வீட்டில் இருக்கிறீர்களோ அங்கேயே தங்கிவிடுங்கள்.

வருகையை முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். 'சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறோம்' என்று சொல்லி யாரும் இங்கே காபியோடு தப்பியதில்லை. அத்தை வீட்டில் இலை போட்ட பிறகு, நண்பர் வீட்டில் சாப்பிடப் போவதாகச் சொன்னால் அத்தையின் முகம் வாடிவிடும். எந்த வீட்டில் எந்த வேளைச் சாப்பாடு என்பதை ஐந்து வீட்டாருக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிடுவதே அவர்களுக்கு நீங்கள் காட்டும் மரியாதை. கோயில் பார்த்தே தீர வேண்டும் என்றால், தஞ்சாவூரில் தங்கும் மாலை பெரியப்பாவையும் அழைத்துக்கொண்டு பெரிய கோயிலுக்குப் போய்வாருங்கள். ராஜராஜனின் சதய விழா ஐப்பசியில்தான் வருகிறது. அந்த நாட்களில் கூட்டம் மிகுதியாக இருக்கும்.

கேள்வி: சென்ற ஆண்டு திருவாரூர்ப் பக்கம் காரில் போனபோது சாலையில் பாதி அகலத்துக்கு நெல்லைக் காயவைத்திருந்தார்கள். எதிரே லாரி வந்ததால் நெல்லின்மேல் ஏற்றிவிட்டேன். ஒரு பெரியவர் கடுமையாகத் திட்டினார். பொதுச் சாலையில் நெல்லைக் கொட்டியது அவர்கள் தவறல்லவா? (திருச்சி வாசகர் ஒருவர்)

பதில்: சாலையில் நெல் காயவைப்பது விபத்துக்கு இடமளிக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பெரியவரின் கோபத்துக்குக் காரணம் உண்டு. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறக்கும் வழக்கத்தை ஒட்டி நடப்படும் குறுவை என்னும் குறுகிய கால நெற்பயிர், புரட்டாசியிலும் ஐப்பசியிலும் அறுவடைக்கு வருகிறது. அதே நேரத்தில் வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடுகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் வழக்கமாக எடுப்பார்கள்; மழை ஆண்டுகளில் அரசு தளர்வு கொடுப்பதும் உண்டு, அது வரும்வரை நெல் காத்திருக்காது. இரண்டு நாள் ஈரத்தில் குவிந்து கிடந்தால் முளைத்துவிடும். பல ஊர்களில் போதுமான களம் இல்லை. வெயில் தலைகாட்டும் மூன்று மணி நேரத்தில் சூடேறும் இடம் தார்ச்சாலை ஒன்றுதான்; அங்கே பரப்பி, காலால் கிளறிவிட்டு, மேகம் கறுத்ததும் குடும்பமே ஓடிவந்து தார்ப்பாய் போட்டு மூடுகிறது. அதன்மேல் கார்ச் சக்கரம் ஏறினால் உமி உடைந்து அரிசி நொறுங்குகிறது, சேறும் கலக்கிறது.

நெல் கிடக்கும் இடத்துக்கு ஐம்பது அடி முன்னாலேயே நின்று, எதிரே வரும் வண்டியை விட்டுவிட்டு, பிறகு காலியாக உள்ள பக்கமாகப் போங்கள். இரவில் இன்னும் எச்சரிக்கை தேவை. குவித்து மூடிய தார்ப்பாய் கறுப்பாக இருக்கும். அது பறக்காமல் இருக்கச் சுற்றிலும் கல் வைத்திருப்பார்கள். விளக்கு வெளிச்சத்தில் அருகே வரும் வரைக்கும் இரண்டும் தெரியாது. இருசக்கர வண்டிகள் அதில் மோதிக் கவிழ்ந்திருக்கின்றன. ஒவ்வோர் ஊருக்கும் மேற்கூரையுள்ள உலர்களம் கிடைத்துவிட்டால் இந்தச் சண்டையே இருக்காது. அதைக் கேட்பதில் காரில் போகிற நாமும் விவசாயிகளோடு சேர்ந்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: போகிற வீடுகளுக்கு என்ன வாங்கிப் போகலாம்? (கோவை வாசகி ஒருவர்)

பதில்: தீபாவளி முடிந்த வாரத்தில் இனிப்பு வேண்டாம், எல்லா வீடுகளிலும் டப்பாக்கள் நிறைந்திருக்கும். பழமும், வெற்றிலை போடும் பெரியவர்கள் இருந்தால் கும்பகோணத்தில் வாங்கிய கொழுந்து வெற்றிலைக் கவுளியும் போதும். இனிப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்றால், நீடாமங்கலம் வழியாகப் போகும்போது பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்யும் பால்திரட்டு வாங்கலாம். அதையும் அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும்.

கேள்வி: பேராவூரணி அருகே என் கணவரின் நண்பருடைய தந்தை ஆடி மாதத்தில் காலமானார். அப்போது எங்களால் போக முடியவில்லை. இப்போது உறவினர் வீடுகளுக்கு மகிழ்ச்சியாகப் போய்வரும் பயணத்தின் நடுவே அங்கும் போவது முறையாகுமா? (பெங்களூரு வாசகி ஒருவர்)

பதில்: கட்டாயம் போக வேண்டும். மூன்று மாதம் தாமதமாகப் போவதைவிடப் போகாமலே விடுவதுதான் அவர்கள் மனத்தில் நிற்கும். இயன்றால் பயணத்தில் முதல் வீடாக அதை வைத்துக்கொள்ளுங்கள். துக்கம் கேட்கச் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் போவதைப் பல வீடுகளில் விரும்புவதில்லை. நண்பரிடம் கேட்டு நாளை முடிவுசெய்யுங்கள். அந்த வீட்டில் இந்த ஆண்டு தீபாவளி கொண்டாடியிருக்க மாட்டார்கள் என்பதால் பலகாரம் எதையும் எடுத்துப் போகக் கூடாது.

சில ஆண்டுகளுக்கு முன்பு நானும் இப்படித் தாமதமாக ஒரு வீட்டுக்குப் போனேன். கால் மணி நேரத்தில் எழுந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். நண்பரின் தாயார், 2018 நவம்பரில் கஜா புயல் வீழ்த்திய தென்னைகளையும், மறு மாதமே கணவர் குழி வெட்டிக் கன்று வைத்ததையும், அதில் எந்தக் கன்று இப்போது பாளை விட்டிருக்கிறது என்பதையும் ஒரு மணி நேரத்துக்குமேல் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு கொல்லைக்கு அழைத்துப்போய் அந்த மரத்தைக் காட்டினார். முதல் வாரத்தில் வந்தவர்கள் கூட்டத்தில் அவரால் இதையெல்லாம் யாரிடமும் சொல்ல முடிந்திருக்காது. அதனால் அந்த வீட்டுக்கு அரை நாள் ஒதுக்குங்கள், கேள்விகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். புறப்படும்போது 'போய் வருகிறோம்' என்று சொல்லாமல் படியிறங்குவது நம் வழக்கம். நண்பரிடம் மட்டும், தை பிறந்த பிறகு மறுபடியும் வந்து சாப்பிடுவதாக வாசலுக்கு வெளியே சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.