டல்லாஸிலிருந்து நியூ ஜெர்சிக்கு: காரில் துப்பாக்கி எடுத்துப் போகலாமா?

கேள்வி: டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். எனக்கு கிரீன் கார்டு இருக்கிறது. டெக்சாஸ் துப்பாக்கி லைசென்ஸும் ஒரு 9 எம்.எம். பிஸ்டலும் வைத்திருக்கிறேன். கோடை விடுமுறைக்கு நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் குடும்பத்தோடு காரிலேயே போகிறோம். ஒரு வாரம் தங்கிவிட்டு, நயாகரா பார்த்துவிட்டு, அப்படியே டொராண்டோவில் சித்தி வீட்டுக்கும் போவதாகத் திட்டம். இரவில் நெடுந்தூரம் ஓட்ட வேண்டியிருப்பதால் பாதுகாப்புக்குப் பிஸ்டலை எடுத்துக்கொள்ள நினைக்கிறேன். டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டால் எந்த மாநிலத்திலும் பிரச்சினை இல்லை என்கிறார் நண்பர். உண்மையா? என் மச்சானும் கூட வருகிறார், பாதி தூரம் அவர்தான் ஓட்டுவார். அவர் எச்1பி விசாவில் இருக்கிறார்.

பதில்: இந்தப் பயணத்துக்குப் பிஸ்டலை எடுத்துப் போகாதீர்கள். வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியில்தான் உங்கள் கிரீன் கார்டே இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டெக்சாஸில் வாங்கிய டிரைவிங் லைசென்ஸோடு 50 மாநிலங்களிலும் கார் ஓட்டலாம். துப்பாக்கி லைசென்ஸுக்கு அந்த வசதி கிடையாது. உங்கள் லைசென்ஸை ஏற்பதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்கிறது. எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டில் நிறைவேறவில்லை. அது சட்டமாகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். 2022 ஜூனில் நியூயார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பையும் அப்படித்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பொது இடத்தில் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையை அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது உண்மை. ஆனால் மாநிலங்கள் லைசென்ஸ் கேட்கக் கூடாது என்றோ, ஒரு மாநில லைசென்ஸை இன்னொன்று ஏற்றே ஆக வேண்டும் என்றோ அதில் சொல்லப்படவில்லை.

இன்னொரு குழப்பம் டெக்சாஸிலேயே தொடங்குகிறது. 2021 செப்டம்பர் முதல் அங்கே தகுதியுள்ள, 21 வயது நிரம்பியவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம். அந்தப் பழக்கத்தோடு மாநில எல்லையைத் தாண்டும்போதுதான் சிக்கல் வருகிறது.

உங்கள் வழியைப் பார்ப்போம். பெரும்பாலும் ஆர்கன்சா, டென்னசி வழியாகப் போய், ஐ-81 நெடுஞ்சாலையைப் பிடித்து வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா, மேரிலாந்து, பென்சில்வேனியா தாண்டி, ஐ-78இல் நியூ ஜெர்சிக்குள் நுழைவீர்கள். முதல் நான்கும் டெக்சாஸ் லைசென்ஸை ஏற்றுவந்த மாநிலங்கள். அதனால் ஆயிரம் மைலுக்கு மேல் உங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. மேரிலாந்தில் ஐ-81 சுமார் 12 மைல்தான், கால் மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஆனால் மேரிலாந்து உங்கள் லைசென்ஸை ஏற்பதில்லை. இடுப்பிலோ சீட்டுக்குப் பக்கத்திலோ தோட்டா நிரப்பிய பிஸ்டல் இருந்தால் அந்தக் கால் மணி நேரமும் குற்றம்தான்.

நண்பர் சொன்ன டிக்கி விஷயம் இங்கேதான் வருகிறது. 1986இல் வந்த துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் என்ற கூட்டாட்சிச் சட்டத்தில் (நாடு முழுவதுக்குமான மத்திய அரசுச் சட்டம்) பயணிகளுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியும் சரி, தோட்டாக்களும் சரி, காரில் உட்கார்ந்திருப்பவர்கள் கைக்கு எட்டக் கூடாது. டிக்கி தனியாக இல்லாத எஸ்.யு.வி. போன்ற வண்டி என்றால் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். டேஷ்போர்டு பெட்டியும் இரண்டு சீட்டுக்கு நடுவில் இருக்கும் பெட்டியும் பூட்டியிருந்தாலும் கணக்கில் வராது. இப்படி வைத்திருந்தால் வழியில் உள்ள கண்டிப்பான மாநிலங்களைக் கடந்து போக அந்தச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது.

ஆனால் அதற்கு அடிப்படையான நிபந்தனை ஒன்று உண்டு. புறப்படும் இடம், போய்ச் சேரும் இடம் இரண்டிலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்கவும் கையில் கொண்டு நடமாடவும் உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்க வேண்டும். டல்லாஸிலிருந்து மெய்ன் மாநிலத்துக்குப் போகிறவர் நியூ ஜெர்சியை இந்தச் சட்டத்தின் துணையோடு கடக்கலாம். உங்களுக்கு நியூ ஜெர்சி கடந்து போகும் இடம் அல்ல, ஒரு வாரம் தங்கப் போகும் இடம். அந்த மாநிலத்தின் லைசென்ஸ் உங்களிடம் இல்லை. எனவே எவ்வளவு ஒழுங்காகப் பூட்டி வைத்தாலும் இந்தப் பாதுகாப்பு உங்களுக்கு வராது. சொந்த வீட்டில் துப்பாக்கி வைத்திருக்க நியூ ஜெர்சி சட்டத்தில் விலக்கு உண்டு, ஆனால் அண்ணன் வீடு உங்கள் வீடு ஆகாது. வெளிமாநிலத்தவரும் நியூ ஜெர்சி லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். பயிற்சி, பரிந்துரைப்பவர்கள், கட்டணம் என்று அது நீளும். ஒரு வார விடுமுறைக்காக அதில் இறங்குவதை நான் சொல்ல மாட்டேன்.

நியூ ஜெர்சியில் லைசென்ஸ் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருப்பது இரண்டாம் நிலைக் குற்றம். 5 முதல் 10 ஆண்டு வரை சிறை. அதில் 42 மாதம் பரோல் இல்லாமல் கட்டாயம் உள்ளே இருக்க வேண்டியிருக்கலாம். 2013இல் ஃபிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு பெண், இரண்டு குழந்தைகளின் தாய், பென்சில்வேனியா லைசென்ஸோடு அட்லான்டிக் சிட்டி நெடுஞ்சாலையில் போனபோது போலீஸ் நிறுத்தியது. துப்பாக்கி இருக்கிறது என்று அவரே சொல்லி லைசென்ஸையும் காட்டினார். கைதானார். வழக்கு பெரிய விவாதமாகி, 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு அளித்த பிறகே அவருக்கு முழு விடுதலை. அந்த வழக்கையொட்டி, இப்படி அறியாமல் மாட்டும் வெளிமாநிலத்தவரிடம் கொஞ்சம் மென்மையாக நடக்கும்படி அரசு வழக்கறிஞர்களுக்கு வழிகாட்டுதல் வந்தது. மென்மை காட்டுவதும் காட்டாததும் அவர்கள் கையில்தான், அதை நம்பிப் பயணம் போட முடியாது.

மேகசின் (துப்பாக்கிக்குள் செருகும் தோட்டா உறை), தோட்டா பற்றியும் ஒரு வார்த்தை. நியூ ஜெர்சியில் 10 தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசின் கூடாது. டெக்சாஸ் கடைகளில் 9 எம்.எம். பிஸ்டலோடு சாதாரணமாகக் கிடைப்பது 15, 17 தோட்டா பிடிக்கும் மேகசின். முனை குழிந்த ஹாலோ பாயிண்ட் தோட்டாக்களுக்கும் அங்கே தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. துப்பாக்கியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு மேகசினை டேஷ்போர்டில் மறந்துவிட்டுப் போனாலும் மாட்டலாம்.

சரி, காரை விட்டுவிட்டு விமானத்தில் போனால்? துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல், பூட்டிய கெட்டியான பெட்டியில், கவுண்டரில் அறிவித்து, செக்-இன் பெட்டியாகப் போடலாம். நாடு முழுக்க ஒரே விதிதான். ஆனால் இறங்கும் ஊரின் சட்டம் அப்படியே காத்திருக்கும். 2005இல் யூட்டாக்காரர் ஒருவர் சால்ட் லேக் சிட்டியிலிருந்து பென்சில்வேனியாவின் ஆலன்டவுனுக்குக் கிளம்பினார். நியூ ஜெர்சியில் இருக்கும் நெவார்க்கில் விமானம் மாற வேண்டும். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டார். பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு விமான நிலைய ஹோட்டலில் இரவு தங்கினார். மறுநாள் காலை கவுண்டரில் முறைப்படி துப்பாக்கியை அறிவித்தார், அங்கேயே கைது. சில நாள் சிறையில் இருந்த பிறகுதான் ஜாமீன். வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. கைது செய்தவர்கள் மீது அவர் தொடுத்த வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2010இல் தோற்றது. அவர் தன் தவறில்லாமல் இக்கட்டில் மாட்டினார் என்று நீதிபதிகளே ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் இரவு முழுதும் ஹோட்டலில் பெட்டி அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததால் 1986 சட்டத்தின் பாதுகாப்பு பொருந்தாது என்றார்கள். எனவே யாராவது துப்பாக்கியோடு பறந்து, நெவார்க்கிலோ நியூயார்க்கிலோ எதிர்பாராமல் இரவு தங்க நேர்ந்தால், பெட்டியைத் திரும்ப வாங்காதீர்கள். அடுத்த விமானம் வரை விமான நிறுவனமே வைத்திருக்கும்படி கேளுங்கள்.

இதுவரை சொன்னது அமெரிக்கக் குடிமகனுக்கும் பொருந்தும். உங்களுக்கு இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது, நான் அதிகம் கவலைப்படுவது அதைப் பற்றித்தான். கிரீன் கார்டு வைத்திருப்பவர் துப்பாக்கி வாங்கலாம், வைத்திருக்கலாம். ஆனால் துப்பாக்கி தொடர்பான எந்தக் குற்றத்திலாவது தண்டிக்கப்பட்டால், அது மட்டுமே அவரை நாடு கடத்தப் போதுமான காரணம் என்று குடிவரவுச் சட்டம் தனியாகவே சொல்கிறது. அமெரிக்காவுக்கு வந்து எத்தனை ஆண்டு ஆயிற்று, சிறைக்குப் போனாரா, அபராதத்தோடு முடிந்ததா என்பதெல்லாம் அதில் கணக்கில்லை. குடிமகன் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் அதே வழக்கில், கிரீன் கார்டுக்காரர் குடிவரவு நீதிமன்றத்தில் நிற்க நேரலாம். இப்படி ஒரு வழக்கில் யார் மாட்டினாலும், "ஒப்புக்கொண்டால் லேசாக முடிந்துவிடும்" என்ற பேச்சைக் கேட்டுக் கையெழுத்துப் போடும் முன் குடிவரவு வக்கீலிடமும் பேசிவிட வேண்டும். குற்ற ஒப்புதல் நாடு கடத்தலில் கொண்டுபோய் விடுமா என்பதைக் கட்சிக்காரருக்குச் சொல்வது கிரிமினல் வக்கீலின் கடமை என்று 2010இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வக்கீல் தானாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

அப்புறம் உங்கள் மச்சான். எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது, ஒரு சில விலக்குகள் தவிர, கூட்டாட்சிக் குற்றம். 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. டெக்சாஸ் உட்பட எல்லா மாநிலத்துக்கும் இதுதான் சட்டம். விலக்குகளில் பலர் பயன்படுத்துவது வேட்டை லைசென்ஸ். ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் தடை பொருந்தாது. அது காலாவதியான நாளிலிருந்து விலக்கும் போய்விடும். டெக்சாஸ் வேட்டை லைசென்ஸ் வழக்கமாக ஆகஸ்ட் 31இல் முடிந்துவிடும், புதுப்பிக்க மறப்பவர்கள் அதிகம். துப்பாக்கி தன்னுடையது இல்லை என்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது. அது வண்டியில் இருப்பது அவருக்குத் தெரியும், சாவி அவர் கையில், அவர் ஓட்டுகிறார், நீங்கள் பின்சீட்டில் தூங்குகிறீர்கள் என்றால், அந்த நேரத்தில் அது அவர் வசம் இருந்ததாக அரசு வாதிட முடியும். வழி முழுக்கத் தாராளமான மாநிலங்களாகவே இருந்தாலும் இந்த ஒரு காரணத்துக்காகவே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

டொராண்டோ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாதுகாப்புக்காகக் கைத்துப்பாக்கியோடு வரும் சுற்றுலாப் பயணிக்குக் கனடாவில் இடமில்லை. எல்லையில் "ஆயுதம் ஏதும் உண்டா?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். இல்லை என்று சொல்லி, பிறகு கண்டுபிடிக்கப்பட்டால் துப்பாக்கி பறிமுதலாகும், குற்ற வழக்கு வரும், காரையும் பிடித்து வைக்கலாம். மனிதர்கள் மீது அடிக்கும் பெப்பர் ஸ்ப்ரேகூட அங்கே தடை செய்யப்பட்ட ஆயுதம். அண்ணியின் கைப்பையில் சாவிக்கொத்தோடு ஒன்று தொங்கினால் எடிசனிலேயே கழற்றி வைத்துவிடச் சொல்லுங்கள். எடிசனிலிருந்து நயாகரா போகும் வழியில் நியூயார்க் மாநிலமும் வருகிறது. அங்கும் அந்த மாநில லைசென்ஸ் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருப்பது குற்றம்.

"பென்சில்வேனியாவில் நண்பரிடம் கொடுத்துவிட்டுப் போனால்?" என்று அடுத்துக் கேட்பீர்கள். வேறு மாநிலத்தில் வசிப்பவரிடம் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி வியாபாரி வழியாக இல்லாமல் கைத்துப்பாக்கியை ஒப்படைப்பதற்குக் கூட்டாட்சிச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. நண்பரையும் சேர்த்து வம்பில் இழுக்க வேண்டாம்.

இரவுப் பயணத்தில் குடும்பத்தின் பாதுகாப்பு பற்றி நீங்கள் யோசிப்பது நியாயமானது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சட்டம் கேட்கிறபடி தோட்டாவைக் கழற்றி, பூட்டி, டிக்கியில் வைத்த பிஸ்டல் நள்ளிரவில் உங்களுக்கு எந்த வகையிலும் உதவாது. உதவும்படி வைத்தால் மேரிலாந்திலிருந்தே சட்டம் உங்களுக்கு எதிராக நிற்கும். அதைவிட, சுமார் 1,500 மைலை மூன்று பகலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் இரவு நாஷ்வில் பக்கம், இரண்டாவது இரவு வர்ஜீனியாவில் ஐ-81 ஓரத்து ஊர் ஒன்றில் தங்கினால் இருட்டில் ஓட்டும் அவசியமே பெரும்பாலும் இருக்காது.

கிளம்புவதற்கு முந்தின நாள் காரை ஒருமுறை முழுதாகத் துழாவுங்கள். சீட்டுக்கு அடியில், கதவு இடுக்கில், டிக்கி மூலையில் உதிர்ந்த தோட்டா, காலி மேகசின் எதுவும் இருக்கக் கூடாது. சுடும் பயிற்சிக்குக் கொண்டுபோகும் பையைப் பயணப் பையாக எடுக்கவே எடுக்காதீர்கள். அதே பையோடு ஊருக்குப் போய், சென்னை விமான நிலையத்தில் ஸ்கேனரில் ஒற்றைத் தோட்டா தெரிந்தாலும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கு வரும். தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று இந்திய நீதிமன்றங்கள் சொல்லி, பல வழக்குகளை ரத்து செய்திருக்கின்றன. ஆனால் அதுவரை பாஸ்போர்ட்டோடு, திரும்பிப் போகும் டிக்கெட்டோடு, நீங்கள் உயர் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.