செல்ல எலியின் குதிகாலில் சிவந்த தடிப்பு: விரிப்பை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: ஒன்றரை வயதுள்ள இரண்டு ஆண் எலிகளை வளர்க்கிறேன். பெரிய எலியின் பின்னங்கால் குதிகாலில் பயறளவுக்குச் சிவந்த தடிப்பு வந்திருக்கிறது. நொண்டவில்லை, நன்றாகச் சாப்பிடுகிறது. கூண்டின் மேல்தளங்கள் கம்பி வலையால் ஆனவை. அடித்தளத்தில் நல்ல மணமுள்ள மரச்சீவல் போடுகிறேன். இரண்டு எலிகளும் அடிக்கடி தும்முகின்றன. விரிப்பை மாற்ற வேண்டுமா? எதற்கு மாற்றுவது?

பதில்: மாற்றத்தான் வேண்டும். ஆனால் தும்மலுக்கும் கால் தடிப்புக்கும் காரணங்கள் வேறு வேறு என்பதால், புதுப் பை விரிப்பு வாங்கிப் போட்டதோடு வேலை முடிந்துவிடாது. காலிலிருந்தே தொடங்குகிறேன், அதுதான் அவசரம்.

நீங்கள் சொல்வது, எலி வளர்ப்பவர்கள் ‘பம்பிள்ஃபுட்’ என்று குறிப்பிடும் உள்ளங்கால் புண்ணின் தொடக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எலியின் உள்ளங்காலில் முடி கிடையாது. சாப்பிடும்போதும் உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும்போதும் அது பின்னங்கால்களில் குந்தி உட்காருகிறது. அப்போது உடல் எடை முழுவதும் இரண்டு குதிகால்களில் இறங்குகிறது. வளர்ந்த ஆண் எலி அரைக் கிலோவைத் தாண்டுவது சாதாரணம். அந்த எடை நாள்தோறும் ஒரே இடத்தில் அழுத்தினால் அங்கே ரத்த ஓட்டம் குறைந்து தோல் மெலிகிறது. சிறு கீறல் விழுந்தாலும் அதன் வழியே பாக்டீரியா உள்ளே போய்விடுகிறது. பெரும்பாலும் தோலிலேயே வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் வகைதான் இந்த வேலையைச் செய்கிறது.

காலைப் பார்ப்பதற்கு எலியைப் புரட்டிப் பிடிக்க வேண்டாம். அது திமிறும், உங்களுக்கும் தெளிவாகத் தெரியாது. கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக் பெட்டியில் விட்டு, பெட்டியைத் தூக்கி அடியிலிருந்து பாருங்கள். ஆரோக்கியமான உள்ளங்கால் வெளிர் இளஞ்சிவப்பாக, மெல்லிய வரிகளோடு இருக்கும். பாதிப்பு தொடங்கும் இடத்தில் முதலில் அந்த வரிகள் மறைந்து தோல் வழவழப்பாகப் பளபளக்கும். அடுத்து சிவந்து மேடாகும். அதற்கும் அடுத்த நிலையில் நடுவில் பழுப்பு நிறப் பொருக்கு கட்டும். உங்கள் எலி இரண்டாம் நிலையில் இருப்பதாகத் தெரிகிறது. பொருக்கு கட்டுவதற்கு முன்பே கவனித்துவிட்டீர்கள், மகிழ்ச்சி.

இதற்குக் கம்பி வலைதான் காரணம் என்று பலரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கம்பி காலை அழுத்துகிறது, இடைவெளியில் விரலும் சில நேரம் முழுப் பாதமும் சிக்குகிறது, ஆகவே அதை மூட வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சமதளத்தில் வளரும் எலிகளுக்கும் இந்தப் புண் வருகிறது. சிறுநீர் தேங்கிய வெறும் பிளாஸ்டிக் தட்டில் நாள் முழுவதும் நிற்கும் கால், கம்பியில் நிற்கும் காலைப் போலவே கெடும். ஈரத்தில் தோல் ஊறி இளகிவிடுகிறது, இளகிய தோல் எளிதில் பிளக்கிறது. எனவே தளம் சமமாக இருப்பதோடு மெத்தென்றும் உலர்வாகவும் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் கால் பிழைக்கும்.

இன்றே செய்யக்கூடியது இது. மேல்தளங்களின் கம்பி வலைமீது, துடைக்கக்கூடிய கெட்டியான பலகை ஒன்றை அளவாக வெட்டிப் பொருத்துங்கள். அதன்மேல் ஃப்ளீஸ் எனப்படும் மெத்தென்ற செயற்கை இழைத் துணியை விரியுங்கள். ஃப்ளீஸ் தானாக ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது, கீழே தள்ளிவிடும் அவ்வளவுதான். அடியில் உறிஞ்சும் துணியோ காகிதமோ இல்லாவிட்டால் ஈரம் அங்கேயே தேங்கும். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை துணியை மாற்றுங்கள். வாசனையில்லாத சோப்பில் துவையுங்கள், துணியை மென்மையாக்கும் திரவம் வேண்டாம். சாய்வு ஏணிகளில் கம்பி இருந்தால் அவற்றையும் மூடிவிடுங்கள்.

இனி அந்த மணமுள்ள மரச்சீவல். ‘நல்ல மணம்’ என்ற உங்கள் சொல்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. சிடார், பைன் போன்ற ஊசியிலை மரங்களின் மணம், அவற்றிலிருந்து ஆவியாகும் எண்ணெய்ப் பொருட்களின் மணம். அவை மூச்சுக்குழாயை எரிச்சலூட்டுகின்றன, கல்லீரலையும் தொடுகின்றன. ஊசியிலை மரச்சீவலில் வளர்ந்த ஆய்வக எலிகளிலும் சுண்டெலிகளிலும் மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகள் கூடிவிடுகின்றன என்று 1967-லேயே ‘சயின்ஸ்’ அறிவியல் இதழில் எலியட் வெசெல் என்ற மருந்தியல் ஆய்வாளர் எழுதினார். வெறும் படுக்கையாகப் போட்ட சீவல் கல்லீரலின் வேலையையே மாற்றிவிடுகிறது! சிடாரை எந்த நிலையிலும் பயன்படுத்தக் கூடாது. சூளையில் உலர்த்திய பைனில் இந்தப் பொருட்கள் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால் சிலர் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஏற்கெனவே தும்மும் எலிக்கு அதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் கூண்டுக்கு என் தேர்வு, விரிப்புக்கென்றே செய்யப்பட்ட காகிதத் துகள். மென்மையானது, நன்றாக உறிஞ்சும், மணம் இல்லை. வாங்கியதும் ஒரு கைப்பிடியை வெளிச்சத்தில் உதறிப் பாருங்கள். தூசி மேகமாக எழுந்தால் அந்த வகை வேண்டாம். எலி மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி, அதன் மூக்கோ எப்போதும் விரிப்புக்குள்தான் இருக்கும். ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் ஆழம் போட்டால் தோண்டி விளையாடவும் இடம் இருக்கும். காகிதம் கிடைக்காவிட்டால், தூசி நீக்கிய ஆஸ்பென் (ஊசியிலை அல்லாத மரம்) சீவலோ சணல் தண்டுத் துகளோ நல்லது. அழுத்திச் செய்த கெட்டிக் குச்சி வடிவ விரிப்புகள் ஈரத்தை அருமையாக உறிஞ்சும். ஆனால் புண்ணுள்ள காலுக்கு அவை சரளைக் கல்லில் நடப்பதற்குச் சமம், கழிப்புத் தட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தவிர்க்க வேண்டியவை: நுண்ணிய மரத்தூள், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும் மக்காச்சோளக் கதிர்த் துண்டுகள், கட்டியாகும் களிமண் பூனை மணல். வைக்கோல் உறிஞ்சாது, முனை கண்ணிலும் குத்தும்.

பஞ்சுபோல் இழை இழையாகப் பிரியும் ‘கூடு கட்டும் பஞ்சு’ கடைகளில் அழகாகத் தெரியும். அதைப் பற்றித் தனியாகவே எச்சரிக்கிறேன். அந்த இழைகள் விரலில் சுற்றி இறுகும். எலி இழுக்க இழுக்க இன்னும் இறுகி, ரத்த ஓட்டம் நின்று, விரல் கருத்துவிடும். ஓரம் பிரிந்த ஊஞ்சல் துணியும் இதையே செய்யும். குளியல் துண்டின் வளையங்களில் நகம் மாட்டி, பதறி இழுக்கும்போது நகம் பிய்ந்து வருவதும் உண்டு. எனவே வாரம் ஒருமுறை எல்லாத் துணிகளையும் விரலால் தடவிப் பாருங்கள். தொங்கும் நூலை வெட்டிவிடுங்கள், ஓட்டை பெரிதாகிவிட்டால் துணியைத் தூக்கி எறியுங்கள். கம்பிகளும் இடைவெளியும் உள்ள ஓடும் சக்கரம் இருந்தால், தளம் மூடிய, அகலமான சக்கரமாக மாற்றுங்கள்.

தும்மலுக்கு வருவோம். புது இடத்துக்கு வந்த எலி சில நாட்கள் தும்முவது வழக்கம். நீண்ட நாள் தும்மல் அப்படியல்ல. செல்ல எலிகளில் பெரும்பாலானவை மைகோபிளாஸ்மா என்ற கிருமியைச் சுமந்தே வாழ்கின்றன. அது அடங்கியிருப்பதும் கிளம்புவதும் பெரும்பாலும் காற்றைப் பொறுத்தது. மரத்தின் ஆவி ஒரு தூண்டுதல் என்றால் அமோனியா அதைவிடப் பெரிய தூண்டுதல். சிறுநீரில் உள்ள யூரியாவை பாக்டீரியா உடைக்கும்போது அமோனியா வெளியாகித் தரையோரமாகத்தான் அதிகம் சேர்கிறது. நின்றுகொண்டு முகர்ந்தால் தெரியாது. குனிந்து, எலியின் மூக்கு இருக்கும் உயரத்தில் முகர்ந்து பாருங்கள். அங்கே நெடி அடித்தால் நீங்கள் ஏற்கெனவே தாமதித்துவிட்டீர்கள். வாசனைத் தெளிப்பான் நெடியை மறைக்குமே தவிரக் குறைக்காது.

நனைந்த மூலைகளைத் தினமும் அள்ளி எடுங்கள். எலிகள் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்துக் கழிக்கும், அந்த மூலையில் தட்டு வையுங்கள். தட்டில் வழவழப்பான தட்டைக் கல் ஒன்றை வைத்தால் பல எலிகள் அதன்மீதே சிறுநீர் கழிக்கப் பழகுகின்றன. முழுக் கூண்டையும் கழுவும் நாளில் பழைய உலர்ந்த விரிப்பில் ஒரு கைப்பிடியைத் திரும்பப் போடுங்கள். தன் மணம் முழுவதும் போய்விட்டால் ஆண் எலி எல்லா இடத்திலும் மறுபடியும் சிறுநீர் தெளித்து அடையாளம் வைக்கும், உங்கள் உழைப்பு வீணாகும்.

காலுக்குச் சிகிச்சை என்று வீட்டில் செய்யக்கூடியது குறைவுதான். கால் தேக்கரண்டிக்குச் சற்று அதிகமான உப்பை 150 மில்லி வெதுவெதுப்பான நீரில் கரைத்து, பாதத்தைச் சில நிமிடங்கள் நனையவிட்டு, நன்றாக ஒற்றி உலர்த்துங்கள். உலர்த்தாவிட்டால் நனைத்ததே தீங்காகிவிடும். தடிப்பைக் கீறவோ பிதுக்கவோ பொருக்கை உரிக்கவோ கூடாது. இந்த இடம் நிற்காமல் ரத்தம் கசியும், தொற்றும் ஆழத்துக்குப் போகும். மனிதர்களுக்கான களிம்பைத் தடவினால் எலி அடுத்த நிமிடமே நக்கி விழுங்கிவிடும். மரத்துப்போகச் செய்யும் மருந்தோ ஸ்டீராய்டோ கலந்த களிம்புகளை அருகில்கூட கொண்டுவர வேண்டாம். கட்டுப் போடுவதும் பலிக்காது, கடித்து எடுத்துவிடும்.

பெரிய எலியைத் தனிக் கூண்டில் போட வேண்டியதில்லை. தனிமை எலிக்கு வேதனை, இந்தப் புண் பக்கத்து எலிக்குத் தாவுவதுமில்லை. ஆனால் அதே கம்பியில் நடந்த சின்ன எலியின் காலையும் பார்த்துவிடுங்கள். இரண்டையும் எடை போடுங்கள். தொடும்போது விலா எலும்புகள் லேசாகத் தட்டுப்படவேயில்லை என்றால் கொழுப்பு கூடியிருக்கிறது. விதைகளையும் தின்பண்டங்களையும் குறைத்து, உணவைக் கூண்டின் பல இடங்களில் ஒளித்து வையுங்கள். குந்தியே இருக்கும் எலி நடக்கத் தொடங்கும், குதிகாலுக்கும் ஓய்வு கிடைக்கும்.

வாரத்துக்கு இருமுறை, அதே பெட்டியில், அதே வெளிச்சத்தில் காலைப் படம் எடுத்து வையுங்கள். மெதுவாக மாறுவதை நினைவு ஏமாற்றும், படம் ஏமாற்றாது. ஒரு வாரத்தில் சிவப்பு குறையத் தொடங்காவிட்டால், எலிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். புண் திறந்தாலோ, பாதம் வீங்கினாலோ, நொண்டினாலோ, விரல் நிறம் மாறினாலோ ஒரு வாரம் காத்திருக்காமல் அன்றே போங்கள். தொற்று எலும்பை எட்டிவிட்டதா என்று எக்ஸ்ரே எடுக்கவும், வலி மருந்தும் ஆன்டிபயாடிக்கும் எடைக்கு ஏற்ற அளவில் கொடுக்கவும் அவரால்தான் முடியும். தும்மலோடு மூச்சில் கரகரப்புச் சத்தம் கேட்டால், அதையும் அந்தப் பயணத்திலேயே காட்டிவிடுங்கள்.