சீட்டா, காணியா, பங்கா?

தம்பி, ரொறன்ரோவுக்கு வந்து எட்டு மாதம், மாதம் 500 டொலர் மிஞ்சுகிறது, சீட்டுக் கட்டுவதா, யாழ்ப்பாணத்தில் காணி வாங்குவதா, பங்கு வாங்குவதா என்று கேட்டிருந்தீர். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிற்கிறேன். கொக்குவில் வீட்டு விறாந்தையில் இருந்துதான் இந்தப் பதில்.

பயணத்துக்குப் பட்ட கடன் முடிந்ததா? அதை எழுதவில்லையே. அக்காவின் நகை அடகில் கிடந்தால் முதலில் அதை மீளும். கிரெடிட் கார்டில் மிச்சம் விட்டால் வட்டி 20 வீதம் அளவில் ஓடும். வருடா வருடம் அவ்வளவு தருகிற பங்கு ஒன்றும் எனக்குத் தெரியாது.

சீட்டு வேண்டாம். நானும் கட்டினேன்: 20 பேர், மாதம் 500. பதினாலாம் மாதம் சீட்டை நடத்தியவரின் போன் வேலை செய்யவில்லை. எழுத்தில் ஒரு துண்டும் இல்லை, எங்கே போய் முறையிடுவது? ஊரில் பக்கத்து ஒழுங்கைக்காரர் வேறு. நேற்றுக் கோயில் வீதியில் கண்டபோது கும்பிட்டார், நானும் கும்பிட்டேன், சரி.

சின் நம்பர் (கனடா அரசு தருகிற சமூகக் காப்புறுதி எண்) இருக்கும்தானே, டி.எஃப்.எஸ்.ஏ என்கிற வரியில்லாச் சேமிப்புக் கணக்கு ஒன்று திறவும். அதில் வரும் லாபத்துக்கு வரி இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியும். இந்தக் கணக்குத் தொடங்கிய 2009இலிருந்து கனடாவில் இருக்கிறவர்கள் ஒரு இலட்சம் டொலருக்கு மேல் போடலாம் என்று கதைப்பார்கள். உமக்கு நீர் வந்த வருடத்திலிருந்துதான் கணக்கு. இப்போது வருடத்துக்கு 7,000. கூடப் போட்டால் கூடின தொகைக்கு மாதம் 1 வீதம் தண்டம். இடையில் எடுத்த காசைத் திருப்பிப் போடும் இடமும் அடுத்த வருடம்தான் கிடைக்கும்.

மூன்று மாதச் செலவைச் சேமிப்பாக வையும். அதற்குப் பிறகு முழுப் பங்குச் சந்தையையும் பின்தொடர்கிற, கட்டணம் குறைந்த ஒரு இ.டி.எஃப் (பல கம்பனிப் பங்குகளை ஒரே கூடையாக வாங்குகிற நிதி) போதும். பாங்கில் இருத்தி வைத்து மியூச்சுவல் ஃபண்ட் காட்டினால் வருடக் கட்டணத்தைக் கேளும். 2 வீதம் என்றால் எழும்பி வாரும்.

சந்தை விழும். 2020 மார்ச்சில் மூன்றில் ஒரு பங்கு போனபோது மனிசிக்கும் சொல்லாமல் நான் விற்றுவிட்டேன். ஒரு வருடத்துக்குள் எல்லாம் திரும்ப ஏறிவிட்டது. அப்புறம்தான் அவவுக்குச் சொன்னேன்.

காணி ஆசை எனக்கும் உண்டு. ஆனால் வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து இரண்டு பரப்புக் காணிக்கு அட்வான்ஸ் அனுப்பாதேயும், காணி உறுதிப் பத்திரத்தை உமக்குத் தெரிந்த நொத்தாரிசு பார்க்கட்டும். நாளைக்குக் கனடாக் குடியுரிமை எடுத்து இரட்டைக் குடியுரிமை எடுக்காமல் விட்டால், 2014இல் வந்த சட்டத்தால் இங்கே காணி வாங்குவது லேசில்லை. இங்கத்தைய பாங்கில் ரூபாய் வைப்புக்கு வட்டி அதிகம் என்றும் ஓடாதேயும். 2022இல் சில மாதத்துக்குள் அமெரிக்க டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது உமக்கும் தெரியும், அப்போது நீர் இங்கேதானே பெற்றோல் வரிசையில் நின்றீர்.

கார்டில் எவ்வளவு நிற்கிறது என்று எழுதும், மிச்சத்தைப் பிறகு கதைப்போம்.