பூட்டிய வட்டைக் கைமாற்றும் முன்

மேலமாசி வீதியில் தணிக்கை அலுவலகம் நடத்தும் வாசகர்: லினக்ஸில் லக்ஸ் முறையில் குறியாக்கம் செய்த ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்து பிறருக்குக் கொடுக்கலாமா?

ஃபார்மட் மட்டும் போதாது. பூட்டைத் திறந்துவைத்து உள்ளே ஃபார்மட் செய்தால் கோப்பு அட்டவணைதான் புதிதாகும். வட்டின் தொடக்கத்திலுள்ள தலைப்பகுதி அப்படியே இருக்கும், பழைய கடவுச்சொல்லும் செல்லும். தரவைப் பூட்டிய உண்மையான சாவி அந்தத் தலைப்பகுதியில்தான், உங்கள் கடவுச்சொல்லால் மூடப்பட்டு இருக்கிறது. லக்ஸின் 2ஆம் பதிப்பில் இதற்கு வழக்கமாக 16 மெகாபைட் ஒதுக்கப்படுகிறது. ஆகவே லக்ஸைக் கையாளும் கிரிப்ட்செட்டப் கருவியின் 'எரேஸ்' கட்டளையால் சாவிகள் அனைத்தையும் அழித்துவிட்டு, தொடக்கப் பகுதியின்மேல் ஒருமுறை எழுதிவிடுங்கள். எஞ்சியிருப்பவை வெறும் கிறுக்கல்களே.

ஆனால் தலைப்பகுதியின் நகலை எப்போதாவது எடுத்து வைத்தீர்களா? நான் ஒருமுறை எல்லாம் அழித்தாயிற்று என்று நிம்மதியாக இருந்தபோது, பீரோவில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் கிடந்த பென் டிரைவில் அந்த நகல் இருந்தது. நகலும் பழைய கடவுச்சொல்லும் சேர்ந்தால், நீங்கள் அழித்ததற்கு அர்த்தமே இல்லை.

உசிலம்பட்டி வாசகர்: எஸ்எஸ்டியை ஏழு முறை மேலெழுதினால் பாதுகாப்பா?

இல்லை, தேய்மானம்தான் மிஞ்சும். எஸ்எஸ்டி தன் செல்கள் ஒரே சீராகத் தேய்வதற்காக தரவை எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பதாலும், கணினிக்குத் தெரியாத உபரி இடத்தை வைத்திருப்பதாலும், பழைய தலைப்பகுதியின் பிரதிகூட எங்கேனும் தங்கியிருக்கலாம். எனவே சாவியை அழித்த பிறகு, வட்டு கணினியுடன் இணையும் வகைக்கேற்ப அதற்கே உரிய கட்டளையைக் கொடுக்க வேண்டும்: சாட்டா வகைக்குச் 'செக்யூர் எரேஸ்', என்விஎம்இ வகை ஏற்குமானால் 'சானிடைஸ்'. சாட்டா வட்டு 'ஃப்ரோசன்' (உறைந்த நிலை) என்று மறுத்தால், கணினியை ஒருமுறை உறங்கவைத்து எழுப்பினால் பெரும்பாலும் இணங்கிவிடும். 1996இல் பேசப்பட்ட 35 முறை மேலெழுதும் யோசனை அந்நாளைய காந்த வட்டுகளுக்கானது.

திருமங்கலம் வாசகி: விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரின் கடவுச்சொல் மறந்துவிட்டது. வட்டு வீணா?

மீட்புச் சாவியும் இல்லையென்றால் தரவுதான் போயிற்று, வட்டு போகவில்லை. அழிப்பதற்குக் கடவுச்சொல் தேவையில்லை. அதற்குமுன் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் 48 இலக்க மீட்புச் சாவி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மேலூர் வாசகர்: தானே குறியாக்கம் செய்யும் எஸ்எஸ்டி பூட்டிக்கொண்டது.

அதன் லேபிளில் பிஎஸ்ஐடி என்ற மீட்டமைப்புக் குறியீடாக 32 எழுத்துகள் அச்சிடப்பட்டிருந்தால், அதைக் கொடுத்துத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பலாம், உள்ளிருந்தவை மீளா. நம்மூர்க் கடைகளில் வாரண்டி ஸ்டிக்கரை அந்த எழுத்துகள்மீதே ஒட்டிவிடுகிறார்கள். நகத்தால் சுரண்டாமல், சற்றுச் சூடுகாட்டி மெல்ல உரித்தெடுங்கள்.