அப்பாவின் பிபிக்கும் கிட்னிக்கும் காரணம் ஆற்றுத் தண்ணீரா?

"அப்பாவுக்கு 52 வயது. திருநெல்வேலி டவுனில் பழைய பேட்டரி பட்டறையில் ரொம்ப வருஷமாக வேலை, பீடியும் உண்டு. பிபி மாத்திரைக்கு அடங்கவில்லை, கிரியேட்டினின் 1.7. தாமிரபரணித் தண்ணீரில் கலந்த உலோகம்தான் காரணமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு லேபில் வேலை பார்க்கிறேன். கிரியேட்டினின், அதாவது கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு (ஊரில் 'உப்பு' என்பார்கள்), ஏறிய ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் பலரும் தண்ணீரைத்தான் சொல்கிறார்கள். ஆற்றில் சாக்கடை கலப்பதைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரிகிறது. ஆனாலும் உங்கள் அப்பா விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது பட்டறையை.

பேட்டரி பிரிக்கிறவர் கையைப் பாருங்கள். ரேகையிலும் நகக்கண்ணிலும் பேட்டரியில் இருக்கும் காரீயத்தின் (lead) சாம்பல் நிறப் பொடி ஏறியிருக்கும். அந்தக் கையாலேயே வடையைப் பிட்டுத் தின்பார், பீடியும் பற்றவைப்பார். காரீயத்தை உருக்கும்போது வரும் புகை நேரே நுரையீரலுக்குப் போகும். ரத்தத்தில் இருக்கும் காரீயம் சில மாதங்களில் இறங்கிவிடும். எலும்பில் படிந்ததோ பல வருஷம் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குத் திரும்பும். ரத்தக்குழாயைத் தளர வைக்கும் நைட்ரிக் ஆக்சைடை அது குறைப்பதால் குழாய் இறுகி பிபி ஏறும். அந்த பிபி கிட்னியைக் கெடுக்கும், கெட்டுப்போன கிட்னி பிபியை இன்னும் ஏற்றிவிடும்.

பீடி தனிக் கணக்கு. புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியம் என்ற நச்சு உலோகத்தை இழுத்து இலையில் சேர்த்து வைக்கும். அது நம் கிட்னிக்குள் போனால் 10 முதல் 30 வருஷம் ஆனாலும் பாதிதான் குறையும். புகைப்பவர் உடம்பில் மற்றவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு காட்மியம் இருக்கும்.

இதெல்லாம் இருந்தாலும், கிட்னி கெடுவதற்குச் சர்க்கரையும் சாதாரண பிபியும்தான் அதிகம் காரணமாகின்றன. அதையும் பார்த்துவிடுங்கள். கிட்னியின் வேலை ஏறக்குறைய பாதி குறைந்த பிறகுதான் கிரியேட்டினின் ஏறத் தொடங்கும் என்பதால், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு போகிறது என்ற பரிசோதனையும் வேண்டும். ரத்தத்தில் காரீய அளவையும் கேளுங்கள். அவர் என்ன வேலை பார்க்கிறார் என்பதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். கூட்ட நேரத்தில் அவர் கேட்காமல் போகலாம்.

பட்டறைச் சட்டையோடு அப்பா வீட்டுக்குள் வர வேண்டாம். அதைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்து ஊறப்போடவும் கூடாது. துவைப்பது அம்மாதான் என்றால் அவருக்கு ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் இரும்புச்சத்து குறைந்த உடம்பு காரீயத்தையும் காட்மியத்தையும் கூடுதலாக உறிஞ்சும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் உலோகம் போகாது. ஆர்ஓ வாங்குவதற்கு முன்னால் தண்ணீரை ஒரு தடவை டெஸ்டுக்குக் கொடுங்கள்.

அப்புறம், உலோகத்தை இறக்குகிறேன் என்று யாராவது லேபிள் இல்லாத பொடி கொடுத்தால் வாங்காதீர்கள். அதிலேயே காரீயமோ பாதரசமோ இருக்கலாம். காரீயத்தை வெளியேற்ற மருந்து உண்டுதான், ஆனால் அது தேவையா என்பதை ரத்த அளவைப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். பட்டறைப் பொடி உள்ளே போய்க்கொண்டே இருந்தால் அந்த மருந்தாலும் பலன் நிற்காது.